சின்னப்போடி யாருக்குச் சிரித்தான்

கல்முனைக்குடியில் காலிதீனைத் தெரியாதவர் யார்? ஆளைக் காணுமுன் குரல் வந்துவிடும். விடியற்காலைச் சுபஹு தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் படியிறங்கும்போது திறக்கிற வாய், தேத்தண்ணிக் கடை, சந்தை, வயல் வரம்பு என்று ஊரெல்லாம் சுற்றிவிட்டு, சோற்றுக் கோப்பைக்கு முன்னால்தான் கொஞ்சம் ஓயும். அதுவும் சோறு வாய்க்குள் இருக்கிற நேரம் மட்டும். "எல்லாருக்கும் அல்லாஹ் ரெண்டு காது ஒரு வாய் குடுத்தான். இந்த மனிசன் கியூவில முன்னுக்குப் போய் மாத்தி வாங்கிட்டு வந்திரிக்காரு" என்று அவன் மனைவி சரீபா பக்கத்து வீட்டாரிடம் சொல்வாள். அதைக் கேட்டும் காலிதீன் கோபப்பட மாட்டான். அதையே தேத்தண்ணிக் கடையில் போய்ச் சொல்லி நாலு பேரைச் சிரிக்க வைத்துவிட்டு வருவான்.

இப்படிப்பட்ட ஆளுக்குக் கூட்டாளியாக வாய்த்தவன் பக்கத்து ஊர்ப் பாண்டிருப்புச் சின்னப்போடி. காலிதீன் குட்டை, தடிப்பு. சின்னப்போடி நெட்டை, மெலிவு. காலிதீன் வாய் திறந்தால் மூடமாட்டான். சின்னப்போடி திறந்தால்தானே மூடுவதற்கு! "ஓம்" என்பான். கொஞ்சம் உற்சாகமான நாளென்றால் "ஓம் மச்சான்" என்பான். அதோடு சரி.

இருவரின் வயல்களும் மேற்கே ஒரே வயல்வட்டையில், ஒரு வரம்புக்கு இப்பாலும் அப்பாலும் கிடந்தன. ஒரு கோடையில் தண்ணீர்ப் பங்கில் தகராறு வந்தது. காலிதீன் வரம்பில் ஏறி நின்று, சின்னப்போடியின் குலம் கோத்திரம் எல்லாவற்றையும் இழுத்து, தொண்டை கட்டுமட்டும் கத்தினான். சின்னப்போடி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு முழுவதையும் கேட்டான். ஒரு சொல் விடாமல் கேட்டான். கத்தி ஓய்ந்ததும் "ஓம்" என்று சொல்லிவிட்டு, வரம்பை வெட்டித் தண்ணீரைக் காலிதீன் பக்கம் திருப்பி விட்டான். காலிதீனின் வாழ்நாளில் அவனை ஒருவன் இடைமறிக்காமல் கேட்டது அன்றுதான். அடுத்த நாள் சரீபா சுட்ட அப்பத்தை வாழையிலையில் சுற்றிக்கொண்டு போனான். அன்றிலிருந்து கூட்டாளிகள்.

"நீங்க ரெண்டு பேரும் எப்பிடிடா ஒத்துப் போறீங்க?" என்று கேட்டவர்களுக்குக் காலிதீன் ஒரே பதில்தான் வைத்திருந்தான். "நான் கதைக்கிறன், அவன் கேக்கிறான். ரெண்டு பேரும் கதைச்சா ஆருகா கேக்கிற?"

ஆனால் அவன் மனதில் ஒரு குறை இருந்தது. சின்னப்போடி சிரிக்கமாட்டான். ஊரையே வயிறு நோகச் சிரிக்க வைக்கிற காலிதீன், எத்தனையோ வருடமாக எத்தனையோ கதை சொல்லியும், அந்த முகத்தில் ஒரு பல்லைக்கூடக் கண்டதில்லை.

தன் கலியாணக் கதையையே சொல்லிப் பார்த்தான். அதைக் கேட்டுச் சிரிக்காதவர் ஊரில் இல்லை. அந்தப் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகவேண்டும். காலிதீனின் கலியாணத்தன்று ஒரே ஒடுங்கிய ஒழுங்கையில் இரண்டு கலியாணம், இரண்டு பந்தல். மாப்பிள்ளை ஊர்வலத்தில் காலிதீன் தோழன்மாருக்குக் கதை சொல்லிக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்துபோய், முதல் பந்தலுக்குள் நுழைந்துவிட்டான். பெண்கள் குரவை போட்டார்கள். பெண்ணின் தம்பி மாப்பிள்ளையின் காலைக் கழுவினான். முறைப்படி காலிதீன் அவன் விரலில் மோதிரத்தைப் போட்டான். அப்போதுதான் பெண்ணின் தாய் ஹவ்வா உம்மா எட்டிப் பார்த்தாள். "இதென்னகா, நம்மட மாப்பிள்ளை வெள்ளையெல்லுவா? இது கரிச்சட்டி மாதிரி இரிக்கி!" பிறகென்ன, கால் கழுவின பொடியன் மோதிரத்தைக் கழற்றித் தரமாட்டேன் என்று பாக்கு மரத்தில் ஏறிவிட்டான். சரீபா வீட்டார் மாப்பிள்ளையைத் தேடிக்கொண்டு வந்து பார்த்தால், மாப்பிள்ளை பட்டுச் சாரனோடு பாக்கு மரத்தடியில் நின்று கெஞ்சிக்கொண்டிருக்கிறான்.

இந்தக் கதையைக் காலிதீன் வயல்வாடிக் குடிசையில் நின்று நடித்தே காட்டினான். கரிச்சட்டி என்கிற இடத்தில் ஹவ்வா உம்மாவின் குரலிலேயே சொன்னான். சின்னப்போடி கண்கொட்டாமல் கேட்டான். முடிந்ததும், "ஓம்" என்றான். எழும்பி மாட்டை அவிழ்க்கப் போய்விட்டான்.

"கல்லுக்குச் சொன்னாலும் கல்லு சிரிக்கும்" என்று காலிதீன் சரீபாவிடம் புலம்பினான். ஆனாலும் ஒரு ஆறுதல் இருந்தது. சின்னப்போடி யாரிடமும் சிரிக்கவில்லை. தனக்கு இல்லாதது வேறு எவனுக்கும் இல்லை.

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி அடித்துப் போய் இரண்டு மூன்று வருடமிருக்கும். நிந்தவூரிலிருந்து மீராமுகைதீன் என்றொருவர் வந்து, சின்னப்போடியின் வயலுக்கு அடுத்த காணியை வாங்கினார். நல்ல மனிதர், மெதுவான பேச்சு, கையில் சிவப்பு டிராக்டர் ஒன்று. காலிதீனுக்கு அவரில் ஒரு கோபமும் இல்லை. ஒருநாள் பகல்வரைக்கும் இல்லை.

அந்தப் பகலில் காலிதீன் வரம்பால் வந்துகொண்டிருந்தான். தூரத்தில் டிராக்டர் நின்றது. அதன் மட்கார்டில் சின்னப்போடி ஏறி இருந்தான். காலிதீன் கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தான். சின்னப்போடி கதைத்துக்கொண்டிருந்தான்! கையைத் தூக்கிக் கதைத்தான், தலையை ஆட்டிக் கதைத்தான். மீராமுகைதீன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி குலுங்கினார். பிறகு சின்னப்போடியும் சிரித்தான். பல்லெல்லாம் தெரிய, தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தான்.

காலிதீனுக்கு வயிற்றுக்குள் கொள்ளிக்கட்டை வைத்தது போலிருந்தது. யா அல்லாஹ், இந்த மனிசனுக்குப் பல் இருக்கிறது! இத்தனை வருடமாக ஒளித்து வைத்திருந்துவிட்டு, நேற்று வந்தவனுக்குத் திறந்து காட்டுகிறான்!

அவன் கிட்டப் போவதற்குள் சின்னப்போடி இறங்கிவிட்டான். முகம் பழையபடி மூடிக்கொண்டது.

"என்னடா சிரிப்பு?"

"சும்மா மச்சான்."

"சும்மாவா? சும்மாவுக்கா தொடையில தட்டிச் சிரிச்ச?"

"ஓம்."

அன்று பிடித்த எரிச்சல் காலிதீனை விடவில்லை. பொறாமை என்றால் அப்படியொரு பொறாமை. டிராக்டர்ச் சத்தம் கேட்டாலே சோறு இறங்காது. "அந்த மிசினால மிதிச்ச நெல்லுச் சோத்தில எண்ணெய் மணக்கும், திண்டா வகுத்தோட்டம்தான்" என்று தேத்தண்ணிக் கடையில் கதை கட்டினான். மீராமுகைதீனின் நடையைப் பழித்துக் காட்டினான். தன் வீட்டு வாழைக்குலையில் சின்னப்போடிக்கென்று வைத்த சீப்பை, "அவனுக்கு நிந்தவூர்ப் பழம்தான் இனிக்கும்" என்று ஆட்டுக்குப் போட்டான். வயலுக்குப் போனாலும் களை பிடுங்கியதை விட வரம்புக்கு மேலால் எட்டி எட்டிப் பார்த்ததுதான் கூட. சின்னப்போடி அந்தப் பக்கம் போகிறானா, எவ்வளவு நேரம் நிற்கிறான், வாய் அசைகிறதா?

சரீபாவுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "இஞ்ச பாருங்க, இளம் பொண்டாட்டிய வெச்சிருக்கிறவன்கூட இப்பிடி எட்டிப் பாக்கமாட்டான்."

"நீ பேசாம இரி புள்ள. ஒனக்கு வெளங்காது."

"எனக்கு வெளங்காதா? நீங்க வேற ஊட்டுப் பந்தலுக்குள்ள போய்க் குந்தினப்போ எனக்கு எப்பிடி எரிஞ்சிரிக்கும்? அதையும் கொஞ்சம் யோசிங்க."

காலிதீன் யோசிக்கவில்லை. அவன் நெஞ்சில் எரிச்சலுக்கு அடியில் ஒரு பயமும் கிடந்தது. அறுவடை வந்துகொண்டிருந்தது.

இரு வயலுக்கும் பொதுவாக ஒரு மேட்டில் களவெட்டி என்கிற நெற்களம் இருந்தது. காலிதீனுக்கு ஒரு சோடி மாடு, சின்னப்போடிக்கு ஒரு சோடி. நாலையும் ஒன்றாகப் பிணைத்தால்தான் சூடு மிதிக்கலாம், அறுத்து அடுக்கிய கதிரிலிருந்து நெல்லைப் பிரிக்கலாம். முதலில் காலிதீனின் சூடு, பிறகு சின்னப்போடியின் சூடு, இதுதான் வழக்கம். சின்னப்போடி டிராக்டருக்கு மாறிவிட்டால் காலிதீனின் சோடி தனித்துப்போகும். களவெட்டியில் புல் முளைக்கும். மாட்டைவிட, மேட்டைவிட, காலிதீனுக்கு இழக்க முடியாதது வேறொன்று இருந்தது. அது சின்னப்போடியின் பாட்டு.

ஆம், அந்த ஊமைக்கோட்டான் களவெட்டியில் பாடுவான். உலகமே தலைகீழாகிற இடம் அது. களத்துக்குள் கால் வைத்தால் நாக்குக்குக் கட்டுப்பாடு உண்டு. நெல்லை நெல் என்று சொல்லக்கூடாது, பொலி என்றுதான் சொல்லவேண்டும். கடகப் பெட்டிக்குப் பெயர் பெருவாயன், தண்ணீருக்குப் பெயர் வெள்ளம். இல்லை, போதும், முடிந்தது என்கிற சொற்களை மூச்சுக்கும் விடக்கூடாது. விட்டால் பொலி போய்விடும் என்று தமிழரும் நம்பினார்கள், முஸ்லிம்களும் நம்பினார்கள். வெளியே மழைபோலக் கொட்டுகிற காலிதீனுக்கு அங்கே வாயைத் திறக்கவே பயம். விடியும்போதே ஒரு கொட்டைப்பாக்கைக் கடைவாயில் அடக்கிக்கொண்டுதான் களத்துக்குள் வருவான். அப்படி ஊமையாக, கொக்கிக்கம்பால் வைக்கோலைக் கிளறிக்கொண்டு மாட்டுக்குப் பின்னால் நடப்பான். முன்னால் சின்னப்போடி "பொலி பொலி" என்று கூவிப் பாடிக்கொண்டு போவான். அந்தக் குரலை வருடத்தில் அந்த நாட்களில் மட்டும் கேட்கலாம். அது தனக்கென்று பாடப்படுகிற பாட்டு என்றே காலிதீன் நினைத்திருந்தான்.

அந்த வருடமும் காலிதீனின் சூடு வழக்கம்போல மிதிபட்டது. சின்னப்போடி வந்தான், பாடினான், போனான். "ஒன்ட சூட்டை மிசினுக்குக் குடுக்கப்போறியா?" என்ற கேள்வி காலிதீனின் தொண்டைவரை வந்து வந்து திரும்பியது. கேட்டால் "ஓம்" என்று சொல்லிவிடுவானோ என்ற பயம். அந்த மனிசனுக்கு வேறு சொல்லும் தெரியாதே!

சின்னப்போடியின் சூடு மிதிக்கிற நாளில் காலிதீன் மாடுகளோடு விடியவே போய்ச் சேர்ந்தான். சின்னப்போடியின் மாடுகளும் நின்றன. அப்பாடா என்று நெஞ்சுப் பாரம் இறங்கியது. ஆனால் மேட்டோரம் டிராக்டரும் நின்றது.

மீராமுகைதீன் செருப்பைக் கழற்றிவிட்டுக் களத்துக்குள் வந்துகொண்டிருந்தார். "காக்கா மாட்டுச் சூட்டைப் பாக்க ஆசையெண்டாரு" என்று அவரை அண்ணன் முறை வைத்துச் சொன்னான் சின்னப்போடி. சொன்னதோடு நின்றானா? கொக்கிக்கம்பை எடுத்து அவர் கையில் கொடுத்தான். காலிதீனின் கம்பு! அவன் கைபட்டு வழுவழுத்துப் போயிருந்த கம்பு! காலிதீனைப் பார்த்து, நீ கொஞ்சம் இரு என்பதுபோலத் தலையசைத்தான்.

பகல் முழுவதும் காலிதீன் பாக்கை அடக்கிக்கொண்டு களத்தோரம் வைக்கோல் அள்ளினான். சின்னப்போடி பாடினான். பின்னால் மீராமுகைதீன் நடந்தார். தன் இடத்தில் இன்னொருவன் நடக்க, தன் பாட்டை இன்னொருவன் கேட்க, காலிதீனின் கடைவாயில் பாக்கு நறநறத்தது.

மாலையில் பொலி தூற்றிக் குவித்தாயிற்று. சின்னப்போடியின் பெரியப்பா கந்தப்போடி குவியலைச் சுற்றி வந்து கும்பிட்டார். எல்லோரும் அடங்கி நின்ற அந்த நேரத்தில், மீராமுகைதீன் காலிதீனை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, சின்னப்போடியின் காதில் ஏதோ குசுகுசுத்தார். சின்னப்போடி அடக்கப் பார்த்தான். முடியவில்லை. தோள் குலுங்கிற்று. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

என்னைப் பார்த்துத்தான்! என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள்! காலிதீன் பாக்கைத் துப்பினான்.

"முடிஞ்சுதுடா! இண்டையோட எல்லாம் முடிஞ்சுது! இனி ஒனக்கு நான் இல்ல, எனக்கு நீ இல்ல! ஒன்ட கூட்டும் போதும், ஒன்ட மண்ணாங்கட்டிப் பாட்டும் போதும்!"

சொல்லி முடித்த பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று அவனுக்கு உறைத்தது. குவியலுக்கு முன்னால் நின்று, சொல்லக்கூடாத சொல் ஒன்றையும் மிச்சம் வைக்காமல் கொட்டியிருந்தான். கந்தப்போடி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். சின்னப்போடியின் முகத்தில் சிரிப்பு அப்படியே செத்துப்போயிற்று. ஒரு போகத்துப் பாடு, அவன் பிள்ளைகளின் சோறு அந்தக் குவியல். காலிதீன் தன் மாடுகளைக்கூட அவிழ்க்காமல், வரம்பில் விழுந்தடித்துக்கொண்டு ஊரைப் பார்த்து நடந்தான்.

அதற்குப் பிறகு கல்முனைக்குடி ஒரு அதிசயத்தைக் கண்டது. காலிதீன் வாய் திறக்கவில்லை. தேத்தண்ணிக் கடைக்குப் போகவில்லை. பள்ளிக்குப் போனாலும் குனிந்த தலையோடு போய்க் குனிந்த தலையோடு வந்தான். சரீபா முதலில் சுகமாக இருக்கிறதென்று இருந்தாள். பிறகு பயந்துவிட்டாள். கொத்தமல்லி அவித்துக் கொடுத்தாள். லெப்பையிடம் ஓதின தண்ணீர் வாங்கி வந்து தெளித்தாள். "ஏதாவது கதைங்களேன், பலாயப் போன மனிசன்! அந்தக் கரிச்சட்டிக் கதையத்தான் சொல்லுங்களேன், நான் சிரிக்கிறன்" என்று அழாக்குறையாகக் கெஞ்சினாள்.

காலிதீன் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். பொலி குறைந்திருந்தால் அது தன் நாக்கால்தான். போய்க் கேட்கவும் முகமில்லை. மாடுகளைக் கேட்டு அனுப்பவும் முகமில்லை. இந்த வேதனையிலும் ஒன்று மட்டும் விடவில்லை. இப்போது அந்த நிந்தவூரான் நல்லாகப் போய் ஒட்டிக்கொண்டிருப்பான், மட்கார்டில் ஏற்றி வைத்துச் சிரிக்க வைப்பான் என்று நினைக்கிறபோதெல்லாம், படுத்த பாயிலேயே புரண்டு பல்லைக் கடித்தான்.

ஒரு நாள் நண்பகல் ளுஹர் தொழுகைக்குப் பின், வாசலில் மாட்டுமணிச் சத்தம் கேட்டது. சின்னப்போடி இரண்டு மாடுகளையும் பிடித்துக்கொண்டு நின்றான். மாடுகளைக் குளிப்பாட்டிக் கொண்டுவந்திருந்தான். வேலியில் கட்டிவிட்டு, காலிதீனின் பாயோரம் வந்து தரையில் குந்தினான். காலிதீன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அண்டைக்கு மீராமுகைதீன் காக்கா என்ட காதில கேட்டது, இதா அந்தக் கரிச்சட்டி மாப்பிள்ளை எண்டு" என்றான் சின்னப்போடி. "அதான் சிரிப்பு வந்திட்டு."

சுவர்ப் பக்கம் திரும்பாத முதுகு கேட்டுக்கொண்டிருந்தது.

"அவருக்கு நான் உன்ட கதையத்தான் சொல்றனான். எனக்கு வேற என்ன கதை தெரியும்? நீ சொன்னதெல்லாம் நான் சொன்னன். ஒரு ஆளையாவது சிரிக்க வெச்சுப் பாக்கணுமெண்டு எனக்கும் ஆசை. கதையக் கேட்டுட்டு ஆளையும் ஒருக்காக் கிட்டப் பாக்கணுமெண்டாரு. அதுக்குத்தான் களத்துக்குக் கூட்டி வந்த. கம்பு பிடிச்சுப் பாக்கணுமெண்டும் கேட்டாரு, எப்பிடி மறுக்கிற?"

இவ்வளவு நீளமாகச் சின்னப்போடி பேசி அந்த வீடு கேட்டதில்லை. அடுப்படியில் சரீபா அகப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

காலிதீன் சுவரைப் பார்த்தபடியே கேட்டான். "மறுகா என்னத்துக்குடா நான் சொல்லக்குள்ள ஒரு நாளும் சிரிக்கல்ல?"

"நான் சிரிச்சா நீயும் சேந்து சிரிப்பாய். கதை நிண்டுபோகும். எனக்கு மிச்சத்தையும் கேக்கணும். வீட்ட போய்த்தான் சிரிக்கிற. எங்கட வீட்டில கேட்டுப் பாரு, என்ட பொஞ்சாதி தங்கரத்தினம் எனக்குப் பைத்தியமெண்டு சொல்லுவாள்."

காலிதீன் மெல்லத் திரும்பினான். கேட்கவேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. "பொலி... பொலி எப்பிடிடா?"

சின்னப்போடி பொய் சொல்லத் தெரியாதவன். "குறைவுதான் மச்சான். அறக்கொட்டிப் பூச்சி விழுந்த வெள்ளாமைதானே, நீயும் கண்டாய். பெரியப்பா உன்ட வாயெண்டுதான் சொல்றாரு. நான் பூச்சியெண்டு சொன்னன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அடுத்த போகம் ரெண்டு பாக்கு அடக்கிட்டு வா" என்றான்.

காலிதீனின் கண் கலங்கிவிட்டது. அதைக் காட்டாமலிருக்க முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப அந்த மனிசனுக்கு என்ட கலியாணக் கதைய எப்பிடிச் சொன்ன? சொல்லு பாப்பம்" என்றான்.

சின்னப்போடி தொண்டையைச் செருமினான். "ஒரு ஒழுங்கையில ரெண்டு பந்தல். நீ போய் மாறிப் பூந்திட்டாய். பொண்ணுட வாப்பாட விரலில மோதிரத்தப் போட்டாய். அவரு குடுக்காம பாக்கு மரத்தில ஏறிட்டாரு..."

"வாப்பாவா! வாப்பாவாடா பாக்கு மரத்தில ஏறின?" காலிதீன் பாயைவிட்டுத் துள்ளி எழும்பினான். "தொந்தி வெச்ச மனிசன் எப்பிடிடா பாக்கு மரத்தில ஏறுவான்? பொண்ணுட தம்பிடா! மூத்திரம் பெய்யத் தெரியாத பொடியன்! ஹவ்வா உம்மா எங்க? கரிச்சட்டி எங்க?"

"அது கடைசியில."

"கடைசியிலயா! அதக் கடைசியில வெச்சா ஆருடா சிரிப்பான்? இப்பிடியா அந்த மனிசனுக்குச் சொன்ன?"

"ஓம்."

"இதுக்கா அவன் சிரிச்சான்?"

"ஓம். நல்லாச் சிரிச்சாரு."

காலிதீனுக்கு மறுபடியும் வயிறு எரிந்தது. தன் கதை, இப்படிக் கையும் காலும் முறிந்து, ஒரு நிந்தவூரான் காதில் விழுந்திருக்கிறது. அதற்கும் ஒருவன் சிரித்திருக்கிறான். "இஞ்ச பாரு, இனி அவனுக்கு ஒரு கதையும் நீ சொல்லப்படாது. கதை வேணுமெண்டா மிசின வெச்சிட்டு இஞ்ச வரச்சொல்லு. நான் சொல்லுவன். நீ என்ட பக்கத்தில இரிக்கணும், அவண்ட பக்கத்தில இல்ல. வெளங்கிச்சா?"

சின்னப்போடி அவனைப் பார்த்தான். கலைந்த தலை, நழுவுகிற சாரனை ஒரு கையால் பிடித்தபடி, மறு கையை வீசிக்கொண்டு நிற்கிற கரிச்சட்டி மாப்பிள்ளை. சின்னப்போடியின் உதடு கோணியது. பிறகு அவன் சிரித்தான். வாயைப் பொத்தாமல், காலிதீனின் முகத்துக்கு நேரே, கண்ணில் நீர் வர வரச் சிரித்தான்.

காலிதீன் சாரனைப் பிடித்தபடி அப்படியே நின்று பார்த்தான். வீட்டுக்குள் திடீரென்று புருசனின் சத்தம் நின்றுபோனதைக் கேட்டு, இன்னும் என்ன ஆயிற்றோ என்று சரீபா ஓடி வந்தாள். ஒன்றும் ஆகவில்லை. சின்னப்போடி சிரித்து முடியட்டும் என்று காலிதீன் வாயை மூடிக்கொண்டிருந்தான்.